திறனற்றவர் யார்? ஓர் ஆங்கில அடைமொழியின் வரலாறும் மட்டக்களப்பு வழக்கும்

ஆங்கிலத்திலிருந்து நம் நிர்வாகத் தமிழுக்கு வந்த அடைமொழிகளுள் 'அன்ஸ்கில்ட்' என்பது பெரிதும் ஆராயாது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றாகும். சம்பளச் சபைகளின் தீர்மானங்களிலும், வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும், வெளிநாட்டு ஒப்பந்தப் பத்திரங்களிலும், புள்ளிவிபரத் தொகுதிகளிலும் தொழிலாளி என்னும் சொல்லின் முன்னே அது வந்து நிற்கின்றது. அதனைத் தமிழிலே 'திறனற்ற' என்பர் சிலர். 'தேர்ச்சியற்ற' என்பர் வேறு சிலர். 'பயிற்சியற்ற' என்பாரும் உளர். இம்மூன்றும் ஒரு பொருளன அல்ல. பயிற்சி பெறாத ஒருவனைத் திறன் அற்றவன் என்பது, பள்ளிக்கூடம் செல்லாத ஒருவனை அறிவு அற்றவன் என்பதற்கு ஒப்பானது. மொழிபெயர்ப்பாளரின் தெரிவுதானே என்று இதனை விட்டுவிடலாகாது. ஒரு மனிதனின் நாட்கூலியை மட்டுமன்றி, அவன் கடல் கடந்து செல்லலாமா என்பதையும் இவ்வொரு சொல் தீர்மானித்த காலம் உண்டு. அவ்வாறு தீர்மானிக்கப்பட்டோருட் பெரும்பாலோர் தமிழர்.

சொல்லின் பிறப்பை முதலிற் பார்ப்போம். 'ஸ்கில்' என்னும் பெயர்ச்சொல் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லன்று. வட ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து அது வந்தது. அங்கே அதற்கு வேறுபாடு, பிரித்தறிதல் என்பன பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் வழங்கியபோதும் பகுத்தறிவையே குறித்தது. கைத்தொழில் வன்மை என்னும் பொருள் பின்னர் ஏறியது. தமிழிலே 'திறம்' என்னும் சொல்லும் இத்தகைய வழியில் நடந்திருப்பது வியப்புக்குரியது. திறம் என்றால் ஆற்றல் மட்டுமன்று. கூறுபாடு, வகை என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. பண்ணும் திறமும் என இசை நூலோர் வகுப்பதிலே திறம் என்பது பண்களின் ஒரு வகையைக் குறிக்கும். காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வெளிவந்தபின் இப்பகுப்பு நம்மவர்க்கு நன்கு அறிமுகமாயிற்று. இரு மொழிகளிலும், ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்தி அறிபவனே திறனுடையவன் என்னும் எண்ணம் அடியிலே கிடக்கின்றது. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கிலத்திலே திறன் இன்மையைச் சொல்ல ஒரு சொல்லன்று, ஒரு கூட்டமே உண்டு. அவற்றுள் 'அன்ஸ்கில்புல்', 'அன்ஸ்கில்ட்' என்னும் இரண்டையும் உடன்பிறந்தன என எண்ணி ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்போர் உளர். அது தவறு. முன்னையது ஒரு செயலைப் பற்றிய தீர்ப்பு. வைத்தியர் ஒருவர் நோயாளிக்குச் சத்திரசிகிச்சையைக் கெடுத்துவிட்டால் அவர் கை அன்ஸ்கில்புல் எனலாம். அவரை அன்ஸ்கில்ட் தொழிலாளி என்று எவரும் சொல்லார். பின்னையது செயலைப் பாராது ஆளின் வகுப்பைச் சொல்வது. மூட்டை சுமப்பவன் எவ்வளவு செவ்வையாகச் சுமந்தாலும், ஒரு மூட்டையையும் சிந்தாமற் சேர்த்தாலும், அவன் அன்ஸ்கில்டே. ஆகவே முதற்சொல்லுக்கு வேலை சாட்சி. இரண்டாவதற்குப் பதிவேடு சாட்சி. இலத்தீனிலும் இத்தகையதொரு சொல் இருந்தது. கலை இல்லாதவன் என்னும் பொருளில் 'இனேர்ஸ்' என்றனர். அதுவே சோம்பேறி என்றும் பொருள்பட்டு, ஈற்றில் அசையாப் பொருளின் சடத்துவத்தைக் குறிக்கும் பௌதிகச் சொல்லாகிவிட்டது. கையில் ஒரு கலை இல்லாதவனைச் சடமென்று கருதும் மனப்பாங்கு பழையதே.

இவ்வடைமொழி ஒரு வகுப்பின் பெயரானதற்கு இங்கிலாந்தின் தொழிற் சட்டங்கள் காரணமாயின. 1563இல் முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தில் இயற்றப்பட்ட கைவினைஞர் சட்டம், ஒருவன் ஒரு தொழிலைச் செய்வதாயின் ஏழாண்டுகள் அதில் பயிலுநனாக இருந்திருத்தல் வேண்டும் என விதித்தது. தச்சன், கொல்லன், நெசவாளன் முதலியோர் இவ்விதியால் வேலியிடப்பட்ட தொழிலுக்குள் இருந்தனர். வேலிக்கு வெளியே நின்றவன் நாட்டுப்புறத்து உழவுக் கூலியாள். உழவை அவன் தந்தையின் பின்னே நடந்து கற்றான். அதற்கு உடன்படிக்கைப் பத்திரம் இல்லை, முத்திரை இல்லை. எனவே ஏழாண்டு பயின்றவன் திறனுடையவன் என்றும், எழுபதாண்டு உழுதவன் சாதாரணன் என்றும் ஆயிற்று.

அடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நாடுகளின் செல்வம் என்னும் நூலில் இம்முரண்பாட்டை வெளிப்படையாகவே எடுத்துக்காட்டியுள்ளார். ஐரோப்பிய நாடுகளின் கொள்கை கைவினைஞரின் உழைப்பைத் தேர்ச்சி பெற்றதென்றும் உழவுத் தொழிலாளியின் உழைப்பைச் சாதாரணமானதென்றும் கொள்கின்றது எனக் கூறும் அவர், நுண்கலைகளையும் உயர்தொழில்களையும் விட்டுப் பார்த்தால் உழவைப்போலப் பலதிறப்பட்ட அறிவும் அனுபவமும் வேண்டுவதொரு தொழில் இல்லை என்று வாதிடுகின்றார். கைவினைஞன் கையாளும் கருவியும் பொருளும் பெரும்பாலும் மாறாதவை. உழவனோ மண்ணோடும் மழையோடும் விலங்கோடும் போராடுபவன் என்பது அவர் காட்டும் நியாயம். பொருளியலின் தந்தை எனப் போற்றப்படுபவரின் இவ்வாதத்தைப் பின்வந்த பொருளியலாளர் எளிதில் மறந்தனர். 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்தில் கார்ல் மார்க்ஸ், தேர்ச்சி பெற்ற உழைப்புக்கும் பெறாத உழைப்புக்கும் இடையிலான பிரிவு ஓரளவுக்கு வெறும் மயக்கத்தையும், மெய்யாக இருந்து மறைந்துபோன வேறுபாடுகளையும், பேரம்பேச இயலாத பிரிவினரின் நிர்க்கதியையும் அடிப்படையாகக் கொண்டது என அடிக்குறிப்பொன்றிலே சொல்லிச் செல்கின்றார். இவ்விருவரும் ஏனைய பலவற்றில் மாறுபட்டவர்கள். இவ்வொன்றில் அவர்களின் குரல் ஒன்றாகின்றது. 1889இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வென்றபோது, தேர்ச்சியற்றோர் என்று தொழிற்சங்கங்களாலேயே ஒதுக்கப்பட்டவர் ஒன்றுபட்டால் தம் கூலியை உயர்த்தலாம் என்பது நடைமுறையில் நிறுவப்பட்டது. அவர்களின் திறன் அவ்வாண்டில் ஏறவில்லை. ஏறியது அவர்களின் பலம்.

இனி அச்சொல் நம் கடலுக்கு வந்த வரலாற்றைக் காண்போம். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்களைக் கப்பலேற்றும் முறை 1917இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் இயற்றப்பட்டது. தேர்ச்சியற்ற வேலைக்காக நாட்டை விட்டு வெளியேறுதல், அரசாங்கம் அனுமதித்த நாடுகளுக்கு, அது விதித்த நிபந்தனைகளின்படி அன்றிச் சட்டத்துக்கு முரணானது என அது கூறிற்று. தேர்ச்சியற்ற வேலை என்றால் என்ன? சட்டம் தந்த விளக்கம் நம் கவனத்துக்குரியது. விவசாயத்தில் ஈடுபடுதல் தேர்ச்சியற்ற வேலையுள் அடங்கும் என்றது அது. தேர்ச்சியுள்ள வேலை எவை என்பதற்கு ஒரு பட்டியலும் தந்தது. கைவினைஞர், எழுதுவினைஞர், கடைச் சிப்பந்திகள், காட்சிகளிலும் கேளிக்கைகளிலும் பங்குபெறுவோர், உணவுச்சாலைகளிலும் தேநீர்க் கடைகளிலும் பணிபுரிவோர், வீட்டு வேலைக்காரர் ஆகியோர் அப்பட்டியலில் இடம்பெற்றனர். தேநீரைக் கோப்பையில் ஊற்றுபவன் தேர்ச்சியுள்ளவன். தேயிலையை வளர்ப்பவன் தேர்ச்சியற்றவன். இதனினும் நயமானதொரு நகைச்சுவையைச் சட்டம் வகுத்தோர் வேண்டுமென்றே எழுதியிருக்க இயலாது.

ஆயினும் அச்சட்டத்தை எள்ளி நகையாடுவதோடு நின்றுவிடுதல் நீதியாகாது. 'தேர்ச்சியற்ற' என்பது அங்கே இழிசொல்லாக அன்றிக் கேடயமாகவே வைக்கப்பட்டது. பல்லாண்டுகளாக ஆள்சேர்ப்போரின் வஞ்சனைக்கு உட்பட்டுப் பிஜியிலும் கரும்புத் தீவுகளிலும் துன்புற்றோர் உழவுக் கூலிகளே. தனியாக உடன்படிக்கை செய்து பேரம்பேசத்தக்க கணக்கப்பிள்ளைக்கும் சமையற்காரனுக்கும் தேவைப்படாத பாதுகாப்பு, கூட்டங்கூட்டமாகச் சேர்த்து அனுப்பப்பட்ட உழவனுக்குத் தேவைப்பட்டது. எனவே சட்டம் அளந்தது அறிவை அன்று, ஏமாற்றப்படும் வாய்ப்பை. ஆனால் அளந்த பொருளுக்கு உரிய பெயரை இடாமல் திறனின் பெயரை இட்டதனால், பாதுகாக்கப்பட வேண்டியவன் என்பது காலப்போக்கில் ஒன்றும் தெரியாதவன் என்று வாசிக்கப்படலாயிற்று.

இலங்கைத் தோட்டங்களில் நிலைமை எவ்வாறிருந்தது? கங்காணியின் கடன்சுமையைத் தொழிலாளியின் தலையில் ஏற்றித் தோட்டத்துக்குத் தோட்டம் அவனை மாற்றிய துண்டு முறை 1921இல் தடைசெய்யப்பட்டது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1929இல் நாட்சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என வகுக்கப்பட்டது. இடைநாட்டில் அது இரண்டொரு சதம் குறைந்தது. தாழ்நாட்டில் மேலும் குறைந்தது. வாழ்க்கைச் செலவு இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அவ்வாறு செய்தனர். எனினும் அவ்வட்டவணையைப் பார்ப்பவர்க்கு ஒன்று புலனாகும். கூலியை உயர்த்தியவை கடல்மட்டத்திலிருந்து தோட்டத்தின் உயரமும், தொழிலாளி ஆணா பெண்ணா என்பதுமே. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்து கிள்ளும் விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. தேயிலையின் தரம் அவ்விரல்களில் தொடங்குகின்றது. அவ்விரல்களுக்கு 11 சதம் குறைவு. ஆண் பெண் சம்பள வேறுபாடு தோட்டங்களில் நீங்குவதற்கு 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

1939இல் அதே அடைமொழி கதவை மூடும் தாழ்ப்பாளாயிற்று. இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியரை விலக்கத் தொடங்கியது. அதற்கு மறுமொழியாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல், தேர்ச்சியற்ற வேலைக்காக இலங்கை செல்வதைத் தடைசெய்தது. கடைச் சிப்பந்தி வரலாம், கணக்கப்பிள்ளை வரலாம், தோட்டத்திலே பிறந்து வளர்ந்து தாயைப் பார்க்கத் திருச்சிராப்பள்ளிக்கோ சேலத்துக்கோ போயிருந்தவன் திரும்பி வருதல் அரிதாயிற்று. ஓர் அடைமொழி இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே நின்றது.

மலையகத்தின் கதையாகவே இது தோன்றலாம். கிழக்கிலே இதற்கு என்ன இடம் என்று வினவுவார்க்கு நாவற்குடாவை எடுத்துக்காட்டலாம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே, கல்லடிக்குத் தெற்கே, காத்தான்குடிக்கு வடக்கே அமைந்தது அவ்வூர். எழுவான்கரையைச் சேர்ந்தது. வாவியைக் கடந்தாற் படுவான்கரை, அங்கே வயல்வெளி. இந்நிலத்தில் வாழும் ஒருவர் மாரியில் வயற்காரர், கோடையில் வாவியில் வலைவீசுபவர், இடையிடையே மேசனுக்குக் கையாள் என வாழ்தல் இயல்பு. அவர் தொழில் யாதெனப் படிவம் கேட்டால், எழுதுவினைஞர் 'கூலி' என்று எழுதுவார். ஆங்கிலப் படிவமாயின் அன்ஸ்கில்ட்.

படுவான்கரை வயலிலே இந்தத் தேர்ச்சியற்றவர் என்ன செய்கின்றார்? மட்டக்களப்பார் நெற்பயிரையே 'வேளாண்மை' என்பர். வயற்பரப்பை 'வட்டை' என்பர். வட்டையில் உழவு முடிந்தபின் பலகையடித்து நிலத்தை மட்டமாக்குதல் முதல் வேலை. கண் மட்டுமே அளவுகோல். ஒரு மூலை தாழ்ந்தால் முளை அழுகும். ஒரு மூலை உயர்ந்தால் புல் மேலோங்கும். வரம்பிலே வக்கடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அடுத்தவன் வயலையும் தழுவிய கணக்கு. வடகீழ்ப் பருவக்காற்று முந்துமா பிந்துமா என்பதைக் கொண்டே விதைப்பு நாளும் நெல்லின் இனமும் தெரியப்பட்டன. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், சீனட்டி என்று வழங்கிய பழைய நெல்லினங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதின. ஒவ்வொரு மண்ணை விரும்புவன. 1958இல் எச்-4 என்னும் கலப்பினம் வெளிவந்தபின் இவ்வறிவிற் பெரும்பகுதி பயனற்றுப்போனது; ஆனால் உரத்தின் அளவையும் நீரின் காலத்தையும் புதிதாகக் கற்றுக்கொண்டவர்களும் அதே வயற்காரர்தாம். களத்திலே சூடு மிதிக்கும்போது நெல்லை நெல்லென்று சொல்லாது 'பொலி' என்பர். தொழிலுக்கெனத் தனிமொழி வைத்திருப்பவர் கைவினைஞர் சங்கத்தார் மட்டுமல்லர்.

இவ்வறிவு சீர்குலையாதிருக்கப் பதவிகளும் இருந்தன. நிலம் உடையவர் போடியார். வயல்வேலையை முன்நின்று நடத்துபவர் முல்லைக்காரர். நீர்ப்பங்கீட்டைக் கண்காணிப்பவர் வட்டைவிதானை. பிரித்தானியரே இவ்வொழுங்கின் பெறுமதியை ஒருமுறை ஏற்றுக்கொண்டனர் என்பது மனங்கொளத்தக்கது. சேர் ஹென்றி வார்ட் தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1856இல் இயற்றப்பட்ட நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், கமக்காரரிடையே பண்டுதொட்டு நிலவிய நீர்ப்பாசன வழக்கங்களைத் தேடியறிந்து அவற்றுக்குச் சட்ட வலுவளிக்க முற்பட்டது. அரசாங்கத்துக்குத் தெரியாத ஒன்று கமக்காரருக்குத் தெரியும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. அதே பேரரசின் மற்றொரு சட்டம் 66 ஆண்டுகளின்பின் விவசாயத்தைத் தேர்ச்சியற்றது என வரையறுத்தது.

வாவியின் தொழிலும் இத்தன்மைத்தே. தோணியிலே நின்று வீச்சுவலையை வட்டமாக விரித்தெறிதல் சில மாதங்களிற் கைவரலாம். எங்கே எறிவது என்பது கைவர ஆண்டுகள் செல்லும். நீரோட்டம், சேற்றின் தன்மை, நிலவின் பக்கம் என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தே இறாலின் வழி அறியப்படும். மாரியில் வாவி நிரம்பும்போது முகத்துவாரத்தை வெட்டிக் கடலோடு சேர்க்கும் நாள் பற்றி எழும் விவாதம் இதற்கு நல்ல உதாரணம். வயல் மூழ்குகிறது, வெட்டுக என்பர் கமக்காரர். காலமறியாது வெட்டினால் நீர்மட்டமும் உவர்த்தன்மையும் மாறி மீன்வளம் கெடும் என்பர் மீன்பிடிப்போர். இரு சாராரும் தேர்ச்சியற்றோர் பட்டியலினர். விவாதமோ நீரியல் வல்லுநர்க்குரியது.

இவ்விடத்திலே மறுப்பொன்றை எதிர்நோக்க வேண்டும். எல்லா வேலைக்கும் திறன் வேண்டும் எனின், திறனில் வேறுபாடே இல்லையா? உண்டு. மூட்டை சுமப்பதை இரண்டு நாளிற் கற்கலாம். படகு கட்டுவதை இரண்டு நாளிற் கற்க முடியாது. கற்கும் காலத்தைக் கொண்டு வேலைகளைத் தரம்பிரித்தல் நியாயமானதே. சம்பளத் திட்டம் வகுப்போர்க்கு அது தேவையும் ஆகும். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பல தொழில்களில் தேர்ச்சியுள்ளோர், அரைத்தேர்ச்சியுள்ளோர், தேர்ச்சியற்றோர் எனப் படிகள் அமைந்ததனால், ஒவ்வொரு படிக்கும் ஓர் அடிநிலைச் சம்பளம் உறுதியாயிற்று. யாம் மறுப்பது தரம்பிரித்தலை அன்று. கற்கும் காலத்தை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு, கற்ற இடத்தையும் கையிலுள்ள காகிதத்தையும் அளப்பதையே மறுக்கின்றோம்.

இதற்கு உழவு இயந்திரம் தக்க சான்று. எருமைக் கடாக்களைப் பிணைத்துச் சூடு மிதிப்பவன் விலங்கின் குணத்தையும் களைப்பையும் கதிரின் ஈரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். அவன் தேர்ச்சியற்றவன். கடாக்களின் இடத்துக்கு உழவு இயந்திரம் வந்தபின் அதனை ஓட்டுபவனுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் உண்டு; அவன் அரைத்தேர்ச்சியோ தேர்ச்சியோ உடையவன். அமெரிக்கக் கணிப்பீடுகளில் இதே விந்தை நிகழ்ந்ததை ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட தம் நூலிலே விளக்கியுள்ளார். குதிரை வண்டியோட்டியைத் தேர்ச்சியற்றோர் பக்கமும் மோட்டார் வண்டியோட்டியை அதற்கு மேற்படியிலும் வைத்துவிட்டு, நாட்டின் திறன் உயர்ந்துவிட்டது எனக் கணக்குக் காட்டினர் என்பது அவர் குற்றச்சாட்டு. உழவு இயந்திரம் ஓட்டுவது எளிது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சில வாரங்களிற் கற்பதற்கு மேற்படியும், சிறுவயது முதல் கற்பதற்குக் கீழ்ப்படியும் தரும் அளவுகோல் திறனை அளக்கும் கோலன்று.

சர்வதேசத் தொழில் தாபனத்தின் தொழில் வகைப்பாடு இதில் ஓரளவு திருந்தியது. 1988ஆம் ஆண்டு வகைப்பாட்டில் தேர்ச்சியுள்ள விவசாய, மீன்பிடித் தொழிலாளர் என ஆறாம் பெரும்பிரிவு அமைக்கப்பட்டது. தம் சீவியத்துக்காகப் பயிரிடுவோரும் அதனுள் அடங்கினர். அடம் ஸ்மித்துக்கு ஏறக்குறைய இருநூறாண்டு பிந்திக் கிடைத்த வெற்றி எனலாம். ஆயினும் விவசாயக் கூலியாளும் மீன்பிடிக் கூலியாளும் ஒன்பதாம் பிரிவில், அடிப்படைத் தொழில்கள் என்ற தலைப்பின் கீழ் விடப்பட்டனர். இதன் விளைவை மட்டக்களப்பு வயலில் வைத்துப் பார்த்தால் அதன் விந்தை விளங்கும். முன்னாளிலே போடியாரின் முத்தெட்டு வயலைக் கூலியின்றிச் செய்துகொடுத்து, அதற்கீடாக வேறொரு வயலைத் தன் பயனுக்குச் செய்யும் முறை இங்கே இருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின்பின் அது அருகிற்று. அத்தகைய வயற்காரர் ஒருவர் காலையில் முத்தெட்டிலும் மாலையில் தன் பங்கு வயலிலும் நின்றார் எனின், காலையில் ஒன்பதாம் பிரிவினர், மாலையில் ஆறாம் பிரிவினர். கை ஒன்று; மண்வெட்டி ஒன்று. நடுவே ஒரு வரம்பு மாத்திரமே உண்டு. வரம்பின் இப்பக்கத்தில் இல்லாத திறன் அப்பக்கத்தில் எங்கிருந்து வந்தது?

தமிழ்ச் சொற்களுக்கு மீள்வோம். கூலி என்பது நம் சொல். செய்த வேலைக்குக் கொடுக்கும் ஊதியத்தின் பெயர். அது ஐரோப்பியர் வாயிற் புகுந்து ஊதியத்தை விட்டு ஆளைக் குறிக்கலாயிற்று. குஜராத்துக் கோலி மக்களின் பெயரும் அதனோடு கலந்ததென்பர். மனிதனுக்கு அவன் வாங்கும் காசின் பெயரை இட்டபின், அச்சொல் நாகரிகமற்றதாகத் தோன்றிய காலத்தில் அதன் இடத்தை நிரப்பியது அன்ஸ்கில்ட் என்னும் அடைமொழி. பழைய சொல் அவன் என்ன பெறுகிறான் என்றது. புதிய சொல் அவனிடம் என்ன இல்லை என்றது. எது நாகரிகமானது என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

நம் பேச்சுவழக்கோ இவ்விடயத்தில் அவ்வளவு கொடுமையானதன்று. மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக்கொடுப்பவனை ஈழத்துப் பேச்சிலே 'முட்டாள்' என்பர். அறிவிலி என்னும் பொருளில் அன்று. முட்டுக் கொடுக்கும் ஆள் எனப் பிரித்துப் பொருள் கொள்ளத்தக்க சொல் அது. சுவருக்கு முட்டுப்போல மேசனுக்கு அவன். எழுத்துத் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் 'முட்டாள் இருவர் தேவை' என்று கேட்டால் திடுக்கிடுவார். மட்டக்களப்பிலே புதிதாக ஒரு தொழிலுக்கு வருபவனைக் 'கை பழகாதவன்' என்று சொல்லக் கேட்கிறோம். ஓவியத்தையும் கைப்பழக்கத்தின் பாற்படுத்தியது ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல். திறன் பழக்கத்தால் வருவது. பழகாத கை நாளை பழகும் என்பதே இவ்வழக்குகளின் உட்கிடை.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கின்றது. 'அற்ற' என்பது முற்றாக நீங்கியதை உணர்த்துவது. நீரற்ற குளம், உறவற்ற பிணம் என்பன போல. 'பழகாத', 'பெறாத' என்னும் எதிர்மறைப் பெயரெச்சங்களோ, நிகழாத ஒன்றைச் சொல்லி, நிகழ்வதற்கு வழியையும் விட்டுவைப்பன. ஆங்கிலச் சொல்லின் அமைப்பைப் பார்த்தாலும் 'அன்ஸ்கில்ட்' என்பதில் உள்ள ஈறு முடிந்த வினையை ஒத்தது. பயிற்றப்பெறாத என்பதே அதன் வடிவுக்கு அண்மையது. ஆகவே 'திறனற்ற' என்னும் மொழிபெயர்ப்பு மூலத்தைவிடக் கடுமையாகிவிட்டது. 1936இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்த அடிகள் தலைமை தாங்கிய காலத்தில், இரசாயனத்துக்கும் கணிதத்துக்கும் சொற்கள் பெரும் முயற்சியோடு தெரியப்பட்டன. உழைப்போரைக் குறிக்கும் சொற்களுக்கு அத்தகைய மாநாடு கூடவில்லை. அவை கச்சேரி மேசைகளில், அவசரத்தில், அகராதியின் முதற்பொருளைக்கொண்டு ஆக்கப்பட்டன. 'பயிற்றப்பெறாத' என்றோ, வேலையின் தன்மையைக் கொண்டு 'பொதுவேலையாள்' என்றோ எழுதுவதற்குத் தடை ஏதும் இல்லை. சம்பளப் படியின் பெயர் மாறினாற் சம்பளம் ஏறிவிடாது என்பதை யாம் அறிவோம். எனினும் பேரம்பேசச் செல்பவன் தன்னைத் திறனற்றவன் என ஒப்புக்கொள்ளும் படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டுச் செல்வது அவன் வழக்கை முதலிலேயே தோற்கடிக்கின்றது.

இறுதியாக, வாவிக் கரைக் குடும்பங்கள் பலவற்றைத் தொட்டதொரு புதுவழக்கு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், தொழில்தேடிச் செல்வோரை உயர்தொழிலர் முதலாகப் பல படிகளில் வகுத்துக் கணக்கிடுகின்றது. தேர்ச்சியற்றோர் என்பதற்கு ஒரு படி. வீட்டுப் பணிப்பெண்களுக்கு வேறொரு தனி வரிசை. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற மட்டக்களப்புப் பெண்களிற் பலர் அத்தனி வரிசையினர். 1922ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலையைத் தேர்ச்சியுள்ள தொழில் என்று பட்டியலிட்டதை முன்னர் கண்டோம். அன்று அவ்வேலைக்குக் கப்பலேறியவர் ஒருவரும், பின்னாளில் விமானமேறியவர் ஒருவரும் அடுப்பங்கரையில் ஒரே வேலையைச் செய்தனர். முன்னவர் மேற்படியில் இருந்தார், பின்னவர் பட்டியலின் அடியில் வைக்கப்பட்டார். பின்னைய புள்ளிவிபரங்களில் 'தேர்ச்சியற்ற' என்பது கைவிடப்பட்டுக் 'குறைந்த தேர்ச்சியுள்ள' என்னும் தொடர் இடம்பெறலாயிற்று. அற்றது என்பதிலிருந்து குறைந்தது என்பதற்கு வந்திருக்கின்றனர். எதனோடு ஒப்பிட்டுக் குறைந்தது, எக்கோலால் அளந்து குறைந்தது என்னும் வினாக்களை அத்தொடர் இனி எழுப்பும். 'அற்ற' என்ற சொல் இருந்தவரை அவ்வினாக்களுக்கே இடம் இருக்கவில்லை.